அறை வெப்பநிலை என்றால் எந்த ஊர் அறை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் 'மாட்லென்' என்னும் பிரெஞ்சுத் தேநீர் கேக்கின் செய்முறை வந்திருந்தது. சிப்பி வடிவ அச்சில் சுடும், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்ன கேக் அது. ஓடிஜி என்னும் சின்ன மின்சார அடுப்பு வாங்கி வைத்துக்கொண்டு பிளம் கேக்கைத் தாண்டி வேறு என்ன செய்யலாம் என்று தேடுகிறவர்கள் வடசென்னையில் இன்று நிறையப் பேர். அவர்களுக்கு இது நல்ல தேர்வுதான். ஆனால் அந்தக் குறிப்பை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினால், ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் கிடைப்பது மாட்லென் அல்ல. அடியில் எண்ணெய் கசிந்து, மேலே தட்டையாகி, அச்சில் பாதி ஒட்டிக்கொண்ட ஒரு வில்லைதான் கிடைக்கும். செய்தவர் தன் கைப்பக்குவத்தை நொந்துகொள்வார். தவறு அவருடையது அல்ல.

குறிப்பில் மூன்று இடத்தில் 'அறை வெப்பநிலையில்' என்று வருகிறது. வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும், முட்டை அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும், கலந்த மாவை அறை வெப்பநிலையில் அரை மணி நேரம் ஊற விட வேண்டும். இந்தச் சொல் குளிர் நாட்டுச் சமையல் புத்தகங்களிலிருந்து அப்படியே இறங்கி வந்தது. அங்கே அறை என்றால் ஏறக்குறைய 20 டிகிரி. இங்கே ஏப்ரல் மாதத்தில், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் சமையலறையில், அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே 33, 34 டிகிரி இருக்கும். வெண்ணெய் முழுதாக உருகுவது 32க்கும் 35க்கும் இடையில். அதாவது அவர்கள் 'விரல் வைத்தால் பள்ளம் விழும் வெண்ணெய்' என்று சொல்லும் இடத்தில் நம்மிடம் இருப்பது கிண்ணத்தின் ஓரத்தில் குளம் கட்டிய நெய். முட்டையைப் பொறுத்தவரை இந்தச் சொல்லால் பெரிய கேடு இல்லை. மாவை ஊறவைக்கும் இடத்தில்தான் முழு நாசமும் நடக்கிறது.

மாட்லெனுக்கு அடையாளமே அதன் முதுகில் எழும்பும் மேடு. காளையின் திமில் போல நடுவில் மட்டும் புடைத்து நிற்க வேண்டும். திமில் இல்லாத மாட்லெனைத் தின்ன முடியாதா என்று கேட்டால், தின்னலாம். ஆனால் திமில் எழாததற்கு எது காரணமோ அதுவேதான் உள்ளே பிசுபிசுப்புக்கும் அச்சில் ஒட்டுவதற்கும் காரணம். அதனால் அதை வெறும் அழகு என்று ஒதுக்கிவிட முடியாது.

அது எழும்பும் விதம் இதுதான். சிப்பி அச்சின் ஓரம் ஆழம் குறைவு, நடு ஆழம் அதிகம். நன்றாகக் குளிர்ந்த, கெட்டியான மாவை வைத்து, நன்றாகக் காய்ந்த அடுப்புக்குள் தள்ளினால், முதல் மூன்று நான்கு நிமிடத்தில் ஓரம் வெந்து இறுகிவிடும். நடு இன்னும் பச்சையாக, குளிர்ச்சியாக இருக்கும். பிறகு நடுவில் சூடு ஏறி, பேக்கிங் பவுடரின் வாயுவும் நீராவியும் கிளம்பும்போது பக்கவாட்டில் போக வழி இருக்காது. மேல்நோக்கித்தான் தள்ளும். ஓரத்துக்கும் நடுவுக்கும் உள்ள இந்தக் கால வித்தியாசம்தான் திமில். 33 டிகிரியில் ஊறிய மாவு தண்ணீராக ஓடி அச்சில் சமமாகப் பரவும். ஓரமும் நடுவும் ஏறக்குறைய ஒன்றாக வேகும். எல்லா இடமும் கொஞ்சம் கொஞ்சம் உப்பி அப்படியே நின்றுவிடும். போதாக்குறைக்கு, அந்தச் சூட்டில் பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதுமே வேலையைத் தொடங்கிவிடும். அடுப்புக்குப் போவதற்குள் வாயுவில் ஒரு பங்கு கிண்ணத்திலேயே வெளியேறியிருக்கும். இளகிய வெண்ணெய் மாவைவிட்டுப் பிரிந்து அச்சின் அடியில் தங்கும். அதுதான் அந்த எண்ணெய்க் கசிவு. பச்சை முட்டை கலந்த மாவை நம் ஊர்ச் சூட்டில் வெளியே வைத்திருப்பது உடம்புக்கும் நல்லதல்ல.

எனவே அந்த மூன்றாவது இடத்தில் 'ஃபிரிட்ஜில், மூடிய டப்பாவில், குறைந்தது 2 மணி நேரம். முடிந்தால் இரவு முழுவதும்' என்று இருக்க வேண்டும். 24 மணி நேரத்தைத் தாண்டினால் பேக்கிங் பவுடரின் வீரியம் குறையத் தொடங்கும். ஃபிரிட்ஜிலும் ஒரு கவனம். கோடையில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் பாட்டிலுக்காகத் திறந்து மூடும் பெட்டியில் கதவுப் பக்கம் சரியாகக் குளிராது. பின்சுவரை ஒட்டிய அடித்தட்டில் வையுங்கள். டப்பா இறுக்கமாக மூடவேண்டும், ஏனென்றால் வெண்ணெய் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். காசிமேட்டிலிருந்து வாங்கி வந்த வஞ்சிரம் அதே பெட்டியில் இருந்தால், காலையில் மாட்லெனில் மீன் மணக்கும். ஊறிய மாவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நமக்குத் தெரிந்த பதம் உளுந்து வடை மாவு. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் வழியக் கூடாது. தயங்கித் தயங்கி ஒரு கட்டியாக விழ வேண்டும்.

அடுத்து அளவு. 'மைதா ஒரு கப், சர்க்கரை அரை கப், வெண்ணெய் அரை கப், முட்டை இரண்டு' என்று கொடுத்திருந்தீர்கள். சாம்பாருக்கும் உப்புமாவுக்கும் கண் அளவு போதும், கூடினால் குறைந்தால் சரி செய்துகொள்ளலாம். கேக் அடுப்புக்குள் போன பிறகு சரி செய்ய வழியே இல்லை. ஒரே கப்பில் மைதாவைச் சலித்துப் போட்டால் 120 கிராம், டப்பாவுக்குள் விட்டு அமுக்கி அள்ளினால் 150 கிராம். இந்த 30 கிராம் வித்தியாசம் போதும், கேக் ரொட்டியாகிவிட. முட்டையும் அப்படித்தான். வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் பெரிய முட்டை ஓடு இல்லாமல் 50 கிராம் என்ற கணக்கு. நம் கடையில் கிடைக்கும் நாமக்கல் முட்டையை உடைத்து நிறுத்தால் பல சமயம் 45 கிராம்தான் தேறும். டிஜிட்டல் தராசு இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அச்சு வாங்குவதற்கு முன் அதை வாங்குவது நல்லது.

நம் சமையலறைக்குச் சரியாக வரும் அளவு இது: ஓடு நீக்கிய முட்டை 100 கிராம், பொடித்த சர்க்கரை 90 கிராம், மைதா 90 கிராமும் சோள மாவு 10 கிராமும் சேர்த்து 100 கிராம், பேக்கிங் பவுடர் 3 கிராம் (தலை தட்டிய முக்கால் தேக்கரண்டி), உப்பு இல்லாத வெண்ணெய் 100 கிராம், தேன் 10 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, ஒரு எலுமிச்சையின் தோல் துருவல். சோள மாவு எதற்கு என்றால், நாம் வாங்கும் மைதா பெரும்பாலும் பரோட்டாவுக்கும் தோதாக இழுவை உள்ளதாக இருக்கும். பரோட்டா மாஸ்டர் எதற்காக மாவை அடித்துப் பிசைந்து இழுக்கிறாரோ, அதற்கு நேர் எதிரானது இங்கே வேண்டும். தேன் இனிப்புக்காக அல்ல; ஈரத்தைப் பிடித்து வைக்கவும் நிறம் கொடுக்கவும். சர்க்கரையை மிக்ஸியில் பொடிக்கக் காரணம், நம் ஊர்ச் சர்க்கரையின் பருமன். பெரிய கற்கள் கரையாமல் நின்று கேக்கின் தோலில் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும்.

எலுமிச்சைத் தோலைத் துருவும்போது நிறம் உள்ள மேல்தோல் மட்டும் வர வேண்டும். நம் எலுமிச்சையின் தோல் மெல்லியது. இரண்டு இழுப்பு அதிகம் போனால் வெள்ளைப் பகுதி வந்து கசக்கும். துருவலைச் சர்க்கரையோடு சேர்த்து விரலால் கசக்குங்கள். சர்க்கரை லேசாக ஈரமாகி மணம் மூக்கில் ஏறும் வரை. சாற்றை ஊற்றக் கூடாது. அதன் புளிப்பு பேக்கிங் பவுடரின் கணக்கைக் குலைத்துவிடும்.

உங்கள் குறிப்பில் 'பேக்கிங் பவுடர் இல்லாவிட்டால் அதே அளவு ஆப்ப சோடா' என்று ஒரு வரி இருந்தது. அதை அவசியம் திருத்த வேண்டும். ஆப்ப சோடாவின் வீரியம் பேக்கிங் பவுடரைப்போல மூன்று நான்கு மடங்கு. அதோடு வேலை செய்யப் புளிப்பு வேண்டும். இந்தக் கலவையில் புளிப்பு இல்லை. அரை தேக்கரண்டி சோடா போட்டால் கேக் கருத்து, சோப்பு நாற்றம் அடிக்கும். பேக்கிங் பவுடரும் பழையதாக இருக்கக் கூடாது. கடற்காற்று அடிக்கும் பகுதியில் திறந்த டப்பா இரண்டு மூன்று மாதத்தில் செத்துவிடும். அரை தேக்கரண்டியைச் சுடுநீரில் போட்டால் உடனே நுரைத்துப் பொங்க வேண்டும். சோம்பேறித்தனமாக நாலு குமிழி வந்தால் குப்பையில் போடுங்கள்.

கலக்குவது சுலபம். முட்டையும் சர்க்கரையும் தேனும் உப்பும் சேர்த்து, கையால் அடிக்கும் கம்பி விஸ்க்கில் இரண்டு நிமிடம். நிறம் வெளுத்தால் போதும். ஸ்பாஞ்ச் கேக்குக்கு அடிப்பதுபோல மெஷினில் நுரை பொங்க அடிக்காதீர்கள். பெரிய குமிழிகள் உள்ளே போய் வெந்தபின் குகை குகையாக ஓட்டை விழும். மைதா, சோள மாவு, பேக்கிங் பவுடர் மூன்றையும் இரண்டு முறை சலித்துப் போட்டு, வெள்ளைக் கோடு மறையும் வரை மட்டும் கிளறுங்கள். வெண்ணெயை உருக்கி, விரல் வைத்தால் தாங்கும் சூட்டில், ஏறக்குறைய 45 டிகிரியில், மூன்று தவணையாக ஊற்றிக் கலக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் முட்டை திரியும். ஃபிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த முட்டையாக இருந்தால் வெண்ணெய் பொடிப் பொடியாக உறையும். கடையிலிருந்து வாங்கி வெளியே வைத்த முட்டைக்கு இந்தச் சிக்கல் இல்லை. நம் வெயில் நமக்கு உதவும் ஒரே இடம் இதுதான்.

வெண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. ஆவின் சமையல் வெண்ணெய் இதற்குப் பொருத்தமாக இருக்கும். ரொட்டியில் தடவும் உப்பு வெண்ணெய்தான் இருக்கிறது என்றால், தனியாக உப்புப் போடாதீர்கள். வீட்டில் கடைந்த வெண்ணெயில் மோரும் தண்ணீரும் அதிகம் என்பதால் அதை நேரடியாக நிறுத்துப் போடுவது சரிவராது. வெண்ணெய் இல்லை, நெய்தான் இருக்கிறது என்றால் 80 கிராம் நெய்யும் 15 கிராம் பாலும் சேர்த்துக்கொள்ளலாம். வெண்ணெயில் இருக்கும் தண்ணீரின் பங்கை அந்தப் பால் ஈடு செய்யும். மைசூர்பாகு வாசம் லேசாக வரும், எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. டால்டாவும் பேக்கரி மார்கரினும் மட்டும் வேண்டாம். வெண்ணெய் நாக்கின் சூட்டில் உருகிவிடும், அவை உருகாது. மேலண்ணத்தில் மெழுகு பூசியது மாதிரி நிற்கும்.

முட்டை சேர்க்காமல் செய்ய முடியுமா என்று சைவ உணவுக்காரர்கள் நிறைந்த சௌகார்பேட்டைப் பக்கத்து வாசகர்கள் கேட்கக்கூடும். தயிரும் சோடாவும் வைத்து அதே அச்சில் நல்ல கேக் சுடலாம். ஆனால் அது வேறு கேக். மாட்லெனின் கட்டுமானமே முட்டைதான்.

அச்சு. சிப்பிக் குழி உள்ள தட்டு உலோகத்தில் இருக்கட்டும். சிலிக்கான் அச்சு பார்க்க வசதி, கழுவ வசதி. ஆனால் சூட்டை மெதுவாகக் கடத்தும். ஓரம் சீக்கிரம் இறுக வேண்டும் என்ற நம் தேவைக்கே அது எதிரி. சிப்பி அச்சு கிடைக்காவிட்டால் பாத்திரக் கடைகளில் கிடைக்கும் மடிப்பு மடிப்பான சின்ன அலுமினிய கேக் கிண்ணங்களில் சுடுங்கள். பெயர் மாறும், சுவை மாறாது, திமிலும் வரும். அச்சுக்கு வெண்ணெயைவிட நெய் தடவுவது மேல். வெண்ணெயில் உள்ள பால் கசண்டு கருகி ஒட்டும், நெய்யில் அது இல்லை. தூரிகையால் வரிகளுக்குள் போகும்படி மெல்லத் தடவி, மைதா தூவி, கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டுங்கள். நெய் குளமாக நின்றால் சிப்பி வரிகளில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும். மாவு அதிகமானால் வெள்ளைத் திட்டு. பிறகு அச்சைப் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். குழிக்கு 20 கிராம் மாவு. முக்கால் குழிதான் நிரம்பும். பரப்பிவிட வேண்டாம், நடுவில் குவியலாக விடுங்கள், அடுப்பு பரப்பிக்கொள்ளும்.

இனி அடுப்பு. குறிப்பில் '180 டிகிரியில் 20 நிமிடம்' என்று இருந்தது. அது அரைக் கிலோ கேக்கின் கணக்கு. 20 கிராம் துண்டை அவ்வளவு நேரம் வைத்தால் வறட்டு ரஸ்க் ஆகும். 220 டிகிரியில் அடுப்பைச் சூடாக்கி, அச்சை உள்ளே வைத்ததும் 190க்குக் குறைத்து, மொத்தம் 9 முதல் 11 நிமிடம். இது சொல்ல எளிது. சின்ன ஓடிஜியில் இதைச் சாதிப்பதற்குத்தான் கொஞ்சம் வேலை இருக்கிறது.

முதலில், ஓடிஜியின் திருகில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். 15, 20 டிகிரி கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம். கம்பித்தட்டில் வைக்கும் அடுப்பு வெப்பமானி ஒன்று வாங்கி, அது சொல்வதைக் கேளுங்கள். விளக்கு அணைந்ததும் அடுப்பு தயார் என்று நினைப்பது இரண்டாவது தவறு. உள்ளே காற்று மட்டும் சூடாகியிருக்கும், தகடு சூடாகியிருக்காது. கதவைத் திறந்த கணத்தில் அந்தச் சூடு முகத்தில் அடித்துவிட்டு வெளியேறிவிடும். முழுதாக 25 நிமிடம் காய விடுங்கள். கைப்பிடி இல்லாத இரும்புத் தோசைக்கல் உள்ளே நுழையும் அளவில் இருந்தால், அடித்தட்டில் வைத்து அதோடு சேர்த்துக் காய விடுங்கள். கல் பிடித்து வைத்த சூடு, கதவைத் திறந்து மூடியபின் அடுப்பைச் சீக்கிரம் மீட்கும். பழைய பேக்கரிகளின் விறகு அடுப்பில் செங்கல் செய்த வேலையும் இதுதான். அச்சைக் கல்மேல் நேராக வைக்காமல் அதற்கு மேல் தட்டில் வையுங்கள். இல்லாவிட்டால் சிப்பிப் பக்கம் கருகும்.

எந்த நேரத்தில் சுடுகிறோம் என்பதும் வடசென்னையில் ஒரு கணக்கு. கோடை இரவில் தெரு முழுக்க ஏசி ஓடும்போது மின்னழுத்தம் இறங்கும். வெப்பக் கம்பியின் சக்தி மின்னழுத்தத்தின் இருமடி விகிதத்தில் மாறும் என்பதால், 230 வோல்ட் 200 ஆனால் ஏறக்குறைய கால் பங்கு சூடு போய்விடும். 1500 வாட் அடுப்பு 1130 வாட் அடுப்பாகிவிடும். வெப்பமானி 220ஐத் தொடவே தொடாது. ஓடிஜி பழுதாகிவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன், அதே மாவை விடியற்காலை ஆறு மணிக்குச் சுட்டுப் பாருங்கள். இரவில் கலக்கி, காலையில் சுடுவது மாவு ஊறுவதற்கும் தோதான கால அட்டவணை.

உள்ளே வைத்தபின் ஆறு நிமிடம் கதவைத் தொடக்கூடாது. கண்ணாடி வழியே பார்த்தால் ஒவ்வொரு கட்டமும் தெரியும். முதலில் குவியல் இளகிப் பரவும். நான்காவது நிமிடத்தில் ஓரம் மங்கலாகி இறுகியிருக்கும். நடுவில் மட்டும் கால் ரூபாய் அளவுக்கு ஈரமாகப் பளபளக்கும் ஒரு வட்டம் நிற்கும். 'கெட்டுப்போயிற்று' என்று பலர் கதவைத் திறப்பது அந்த நிமிடத்தில்தான். அந்த ஈர வட்டம்தான் திமிலாகப் போகிறது. அடுத்த ஒன்றிரண்டு நிமிடத்தில் அது மெல்ல நடுங்கி, விளிம்பில் சின்ன விரிசல் கண்டு, மேலே எழும். எழுந்தபின் விரலால் தொட்டால் திரும்பி எழும்ப வேண்டும், ஓரம் பொன்னிறமாக இருக்க வேண்டும். எடுத்த உடனே அச்சைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டி, கம்பி வலைமேல் பரப்புங்கள். அச்சிலேயே விட்டால் தன் ஆவியிலேயே வியர்த்து, மொறுமொறுப்பான சிப்பிப் பக்கம் நமுத்துவிடும்.

இரண்டாவது ஈடுதான் எப்போதும் சறுக்கும் இடம். மீதி மாவு அதுவரை ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். மேடையில் விட்ட பத்து நிமிடத்தில் இளகிவிடும். சூடான அச்சில் மாவை வைத்தால் கண்முன்னே உருகி ஓடும். அச்சைக் குழாய்த் தண்ணீரில் காட்டிக் குளிரவைக்கலாம் என்றால், மே மாதம் மாடித் தொட்டியிலிருந்து வருவது வெந்நீர். துடைத்து, மறுபடி நெய்யும் மாவும் பூசி, பத்து நிமிடம் ஃப்ரீசர். வேறு குறுக்கு வழி இல்லை. அதற்குள் அடுப்பும் மீண்டும் 220க்கு ஏறியிருக்கும்.

இவ்வளவு பார்த்துச் செய்ய வேண்டுமா என்று நினைக்கும் வாசகர்களுக்கு, ஏப்ரல் மே மாதங்களில் மாட்லெனை விட்டுவிட்டு 'ஃபினான்சியே' என்ற இன்னொரு பிரெஞ்சுத் தேநீர் கேக்கைத் தங்கள் இணைப்பில் தரலாம் என்பது என் யோசனை. தங்கக் கட்டி வடிவ அச்சில் சுடுவது அதன் மரபு. அதற்குத் திமில் தேவையில்லை, மாவு குளிர்ந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதன் உயிர்நாடியான வேலை தமிழ் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடப்பது. ஆம், வெண்ணெய் காய்ச்சுவதுதான்.

125 கிராம் வெண்ணெயை அடி வெளுத்த பாத்திரத்தில், சிறு தீயில் வையுங்கள். கறுத்த வாணலியில் நிறம் தெரியாது. முதலில் நுரைக்கும், பிறகு சடசடவென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் தண்ணீர் வெளியேறும் சத்தம். சத்தம் அடங்கி, இரண்டாவது நுரை மெல்லியதாக எழும்போது கரண்டியால் அடியைச் சுரண்டிப் பாருங்கள். கசண்டு மணல் மணலாக, வறுத்த கடலைத் தோல் நிறத்துக்கு வந்திருக்கும்; வறுத்த கொட்டை மணம் எழும். நெய் என்றால் நாம் இங்கே முருங்கைக் கீரையைப் போட்டு இறக்கி வடிகட்டிவிடுவோம். இதில் கீரையும் வேண்டாம், வடிகட்டவும் வேண்டாம். சுவை முழுவதும் அந்தக் கசண்டில்தான் இருக்கிறது. உடனே வேறு கிண்ணத்துக்கு மாற்றிவிட வேண்டும்; பாத்திரத்தின் சூட்டிலேயே அரை நிமிடத்தில் பழுப்பு கறுப்பாகிக் கசந்துவிடும். ஏறக்குறைய 100 கிராம் கிடைக்கும்.

பொடித்த சர்க்கரை 120 கிராம், பாதாம் பொடி 60 கிராம், மைதா 45 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. இதில் 120 கிராம் முட்டை வெள்ளைக்கருவை அடிக்காமல் அப்படியே ஊற்றிக் கலக்க வேண்டும். நாமக்கல் முட்டையில் நான்கு போதும். பிறகு அந்த வெண்ணெய், கசண்டோடு, கை பொறுக்கும் சூட்டில். பாதாமை மின்ட் தெருப் பக்கம் உலர்பழக் கடைகளில் வாங்கும்போது ஒன்றைக் கடித்துப் பாருங்கள்; சிக்கு வாடை இருந்தால் கேக் முழுக்க அதுதான் தெரியும். வீட்டில் பொடிப்பதானால் பாதாமை அரை மணி ஃப்ரீசரில் வைத்து, எடுத்துவைத்த சர்க்கரையில் ஒரு பிடி சேர்த்து, மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூட்டில் எண்ணெய் பிரிந்து விழுதாகிவிடும். பாதாம் விலை கட்டுப்படியாகாவிட்டால் அதற்குப் பதில் உடைத்த முந்திரியும் ஆகும், கொஞ்சம் மெத்தென்று இருக்கும். குழிக்கு 30 கிராம் வீதம், 200 டிகிரியில் 5 நிமிடம், 180க்குக் குறைத்து இன்னும் 7, 8 நிமிடம். ஓரம் நன்றாகச் சிவக்க வேண்டும். மாட்லெனைவிட ஒரு படி அதிக நிறம். மூடிய டப்பாவில் இரண்டு மூன்று நாள் இருக்கும். மாட்லென் அப்படி அல்ல, சுட்ட சில மணி நேரத்துக்குள் தின்னவேண்டியது. மீதியாக வேண்டுமென்றால் மாவை மீதி வையுங்கள், கேக்கை வைக்காதீர்கள்.

ஒரு சின்னத் திருத்தம்: மாட்லெனைப் 'பாரிஸ் நகரப் பலகாரம்' என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அது பிரான்சின் கிழக்கே லொரேன் பகுதியில் உள்ள கொமெர்சி என்ற சிற்றூரின் பெயரோடு சேர்ந்தது.

ஆசிரியர் அவர்களே, தங்கள் இணைப்பில் கேக், பிஸ்கட் குறிப்புகள் இனி வரும்போது கிராம் கணக்கில் வரட்டும். 'அறை வெப்பநிலை' என்று வரும் இடத்தில் எல்லாம் எத்தனை டிகிரி என்று எண்ணைப் போடுங்கள். எண் தெரியாவிட்டால் பதத்தைச் சொல்லுங்கள், 'வடை மாவுப் பதம்' என்றால் எல்லோருக்கும் புரியும். வெண்ணெயும் முட்டையும் பாதாமும் விற்கும் விலையில் ஒரு ஈடு கெட்டால் பல வீடுகளில் இரண்டாவது முறை முயல மாட்டார்கள். அச்சு பரணுக்குப் போய்விடும்.

அந்த மாட்லென் குறிப்பைத் திருத்தி வெளியிடும்போது, '12 கேக்குகள்' என்று இருப்பதையும் மாற்றிவிடுங்கள். நான் மேலே கொடுத்த அளவுக்கு ஏறக்குறைய 400 கிராம் மாவு வரும். குழிக்கு 20 கிராம் என்றால் 20 கேக். 12 குழித் தட்டில் அது இரண்டு ஈடு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராயபுரம், சென்னை - 13.